பசியாவரத்துக்கு வந்த முயல்கள்

உலகநாதன் கடலுக்குப் போவதை விட்டதற்குக் காரணம் அவருடைய வலது தோள். ஒரு மாசி மாதம், அண்ணன் சின்னதம்பியோடு படகில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார். அடியில் எதிலோ வலை மாட்டிக்கொண்டது. அதே நேரம் ஓர் அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. தோள் மூட்டு கழன்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் மூட்டைத் திரும்ப ஏற்றினார்கள். ஆனால் இனி வலை இழுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள்.

அப்போது அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. எங்கள் பசியாவரத்தில் அவரைவிட உயரமான ஆள் கிடையாது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் குனிந்துதான் நுழைய வேண்டும். பழவேற்காட்டுப் படகுத்துறையில் நின்று கூப்பிட்டால் தீவில் இருக்கும் எங்களுக்குக் கேட்கும், அப்படி ஒரு தொண்டை. அந்த மனிதர் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தது யாருக்கும் பார்க்கச் சகிக்கவில்லை. முக்கியமாக அவர் மனைவி கீதாவுக்கு.

“எழுந்து எங்கயாவது போய்யா. நீ உள்ள கீறதால எனக்கு நடக்க வழி இல்ல,” என்பாள்.

காட்டுப்பள்ளிப் பக்கம் காவல் வேலை கேட்டு அலைந்தார். கிடைக்கவில்லை. அப்புறம் யாரோ சொல்லித்தான் மீஞ்சூருக்கு அப்பால் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார். ‘விலங்குகளைப் பராமரிக்க ஆள் தேவை’ என்று சொல்லியிருந்தார்கள். மாடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனவருக்கு முன்னால் மேசைமேல் ஒரு வெள்ளை முயல் உட்கார்ந்திருந்தது.

மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் பிரின்சி. மீஞ்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அப்பா தேவாலயத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். நோய்க்கிருமிகளைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கி, மூளைக்காய்ச்சலுக்கு மருந்து தேடும் வேலையில் இருந்தார். உலகநாதனைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர்.

“தூக்குங்க அண்ணா, பாக்கலாம்,” என்றார்.

உலகநாதன் முயலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது கடிக்குமா?”

“பயந்தா கடிக்கும்.”

“எனக்குத்தான் பயமா கீது டாக்டரம்மா.”

பிரின்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காதைப் பிடித்துத் தூக்கக் கூடாது, பின்னங்காலைத் தொங்கவிட்டால் உதறி முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும், ஒரு கை அடியில், ஒரு கை நெஞ்சில் என்று செய்து காட்டினார். உலகநாதன் அதே மாதிரி தூக்கினார். முயல் இரண்டு தரம் உதறியது. பிறகு அவருடைய பெரிய கக்கத்துக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அசையாமல் இருந்துவிட்டது. வேலை கிடைத்துவிட்டது.

அன்று சாயந்திரம் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கீதா இறால் உரித்துக்கொண்டிருந்த கையோடு சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

“இம்மாம் பெரிய ஆளு, முயல் பாத்துக்கப் போறியா?”

“அதுக்குச் சம்பளம் தராங்கோ.”

“ஊரு இன்னா சொல்லும் தெரியுமா?”

ஊர் என்ன சொல்லியது என்று நானே சொல்லலாம், ஏனென்றால் சொன்னவர்களில் நானும் ஒருவன். “உலகா, ஞாயித்துக்கெழமைக்கு ரெண்டு ஒதுக்கி வை, பிரியாணி போட்டுடலாம்” என்றுதான் எல்லோரும் கேட்டோம். அவர் கோபப்பட்டதே இல்லை. காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு படகேறி, பழவேற்காட்டில் பஸ் பிடித்து, பொன்னேரியில் ரயில் ஏறி வேலைக்குப் போவார். ரயில் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடலில் இருபத்தைந்து வருஷம் போனவர், ஜன்னல் ஓரம் கிடைத்துவிட்டால் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டே போவார்.

வேலையும் பிடித்திருந்தது. கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, எடை பார்ப்பது. முயல்களுக்கு உரத்த சத்தம் ஆகாது என்று சொன்னார்கள். அதனால் உலகநாதன் வாழ்நாளில் முதல்முறையாக மெதுவாகப் பேசப் பழகினார். வீட்டுக்கு வந்தும் கொஞ்ச நேரம் அதே குரலில் பேசுவார். “இன்னாய்யா, தொண்டை கட்டிக்கிச்சா?” என்று கீதா கேட்பாள்.

எதற்காக இந்த முயல்கள் என்பதை முதல் வாரமே பிரின்சி அவரை உட்கார வைத்துச் சொல்லிவிட்டார்.

மூளையைச் சுற்றி ஒரு சவ்வு. அதற்குள் கொஞ்சம் தெளிந்த தண்ணீர். சில கிருமிகள் அந்தத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் காய்ச்சல், தலைவலி, கழுத்து விறைப்பு, வலிப்பு. நேரத்தில் மருந்து போகாவிட்டால் உயிர் போய்விடும். பிழைத்தாலும் காது கேட்காமல் போகலாம். முன்பெல்லாம் சாதாரண ஊசியிலேயே அந்தக் கிருமி செத்துவிடும். இப்போது சில கிருமிகள் அந்த மருந்துக்கெல்லாம் அசையாமல் நிற்கப் பழகிவிட்டன.

“வேற மருந்து இல்லியா டாக்டரம்மா?”

“இருக்கு. ஆனா ரத்தத்துல போட்ட மருந்து மூளைத் தண்ணிக்குள்ள போறதுதான் கஷ்டம். உள்ள வீங்கியிருந்தா கொஞ்சம் வழி திறக்கும். வீக்கத்தைக் குறைக்க ஒரு மருந்து குடுக்கணும், குடுத்தா வழி மறுபடியும் மூடிக்கும். கிருமி உள்ள, மருந்து வெளிய.”

உலகநாதன் கொஞ்சம் யோசித்தார். “எங்க ஏரி முகத்துவாரம் மாதிரி. மண்ணு மூடிக்கிச்சுன்னா கடல் தண்ணி உள்ள வராது.”

“அப்படித்தான். மூடியிருந்தாலும் உள்ள போற மாதிரி ஒரு மருந்தும், உள்ள இருக்கிறதை அடிக்கிற மாதிரி ஒரு மருந்தும் சேத்துக் குடுத்தா என்ன ஆகும்னுதான் பாக்கறோம்.”

“அத்த மனுஷங்களுக்கே குடுத்துப் பாக்கக் கூடாதா?”

“நோய்ல கிடக்கிற குழந்தைக்கு, கேக்குமான்னு தெரியாத மருந்தை எப்படி அண்ணா குடுக்கிறது? எந்த அளவு, எத்தனை தடவை, எவ்வளவு உள்ள போகுது, எல்லாம் முதல்ல தெரியணும். அதுக்குத்தான் முயல்.”

அதற்கு அடுத்து உலகநாதன் கேட்டதைப் பின்னால் எங்கள் ஊருக்கு வந்திருந்தபோது பிரின்சியே சொன்னார். “அதுக்கு வலிக்குமா?” என்று கேட்டாராம். வலிக்காமல் இருக்க மயக்க மருந்து கொடுத்துத்தான் கிருமி செலுத்துகிறோம், தண்ணீர் எடுக்கிறோம் என்று பிரின்சி சொன்னார். மருந்து வேலை செய்யாமல் ஒரு முயல் தவிக்க ஆரம்பித்தால் அதை அப்படியே விடக் கூடாது, உடனே தூங்கவைத்து முடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். “அதைப் பாத்துச் சொல்லப் போறது நீங்கதான். பக்கவாட்டுல படுக்க வெச்சா எழுந்துக்க முடியலன்னா, என்னைக் கூப்பிடுங்க. யாரையும் கேக்க வேணாம்.”

முதல் சோதனையில் ஒரு மருந்தை மட்டும் கொடுத்தார்கள். அது தோற்றுப் போனது. முயல்களை ஒவ்வொன்றாக முடிக்க வேண்டி வந்தது. உலகநாதன்தான் தூக்கிக்கொண்டு போய்ப் பிடித்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து, வைத்த சோற்றைத் தொடவில்லை.

“நான் போமாட்டேன் கீதா,” என்றார். “மீனைப் பிடிக்கிறது வேற. இந்த முயல் என்னை நம்பி உக்காந்துக்குனு கீது. நானே தூக்கிக்குனு போய்க் குடுக்கிறேன்.”

கீதா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“எங்க அர்ச்சனா எப்படிப் போச்சுன்னு உனக்குத் தெரியுமா?”

அர்ச்சனா கீதாவின் கடைசித் தங்கை. ஐந்து வயதில் இறந்துபோனவள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் கீதா அவளைப் பற்றிப் பேசியதே இல்லை.

“காத்தாலே தலை வலிக்குதுன்னா. சாயங்காலம் கழுத்து வெறச்சுக்கிச்சு. காத்து அடிச்சுடுச்சுன்னு எங்க நைனா மந்திரிக்கத் தூக்கிக்குனு ஓடினாரு. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. ஊசி போட்டாங்கோ, போட்டாங்கோ, கேக்கவே இல்ல. நீ இப்ப சொல்ற பேரைத்தான் அந்த டாக்டரும் சொன்னாரு. மூளைக்காய்ச்சல்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்க டாக்டரம்மாவுக்கு யாராவது முயலைப் பிடிச்சுக் குடுத்துத்தானே ஆவணும். பயந்து நடுங்க வெக்கிறவன் பிடிக்கிறதுக்குப் பதிலா நீ பிடி.”

அடுத்த நாள் உலகநாதன் வழக்கமான படகில் ஏறினார். அதன் பிறகு வேலையை விடும் பேச்சே வரவில்லை. ஊரில் பிரியாணிப் பேச்சையும் கீதாவே நிறுத்திவிட்டாள். எப்படி நிறுத்தினாள் என்று எழுத முடியாது. எங்கள் ஊர்ப் பெண்கள் வாய் அப்படி.

இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் பெரிய சோதனைக்கு அந்த டிசம்பரில் புது முயல்கள் வந்தன. இரண்டு டஜன். எல்லாம் ஆண். தூய வெள்ளை, சிவந்த கண். இடம் பழகுவதற்காகக் கொஞ்ச நாள் சும்மா விட்டிருந்தார்கள். சோதனை தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது புயல் வந்தது.

காற்றால் எங்களுக்குச் சேதம் கொஞ்சம்தான். மழைதான். விடாமல் கொட்டி, ஏரி நிரம்பி, எங்கள் தெருக்களில் கணுக்கால் தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கம் நிலைமை மோசம். அங்கே வீடுகளுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்துவிட்டது, ஆட்களை மீட்கப் படகுகள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். சின்னதம்பி தன் ஃபைபர் படகைப் பழவேற்காட்டுக்கு ஓட்டிப்போய் லாரியில் ஏற்றினார். இன்னும் மூன்று படகுகள் ஏறின. உலகநாதனும் போனார். துடுப்பு போட முடியாவிட்டாலும் தெரு தெரியும், குரல் இருக்கிறது.

அன்று முழுக்க மனிதர்களைத்தான் ஏற்றினார்கள். கர்ப்பிணிகள், படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள், நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்ற ஒரு பெரியவர், அப்புறம் அந்த நாய். உலகநாதன் தெருமுனையில் நின்று போட்ட சத்தத்துக்கு மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்தார்கள் என்று சின்னதம்பி இன்றும் சொல்வார்.

மறுநாள் காலை வேலை ஓய்ந்தபோது பிரின்சியிடமிருந்து போன் வந்தது. பிரின்சியும் காவலாளியும் புயலன்று நிலையத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏற ஏற இரண்டு பேருமாக முயல்களைத் தூக்கி மாடிப்படித் திருப்பத்தில் வைத்திருந்தார்கள். கிருமிகள் எல்லாம் மேல்மாடியில் பூட்டிய அறையில் பத்திரமாக இருந்தன. ஆனால் அந்த அறை இருக்கும் தளத்துக்குள் முயல்களைக் கொண்டுபோகக் கூடாது. தீனி மூட்டை நனைந்துவிட்டது. மின்சாரம் இல்லை. தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

“நம்ம நிலையத் தலைவர்கிட்ட பேசிட்டேன் அண்ணா. இன்னும் ஒரு முயலுக்கும் கிருமி குடுக்கல, எல்லாம் நல்லா இருக்குதுங்க. எங்கயாவது காஞ்ச இடமாப் பாத்துக் கொண்டுபோகச் சொல்லிட்டார். உங்களுக்கு இடம் ஏதாவது தெரியுமா?”

உலகநாதன் அண்ணனைப் பார்த்தார். சின்னதம்பி, “முயலா?” என்றார். அப்புறம், “நாயே ஏத்தியாச்சு. வா,” என்று படகைத் திருப்பினார்.

மீன் வைக்கும் பிளாஸ்டிக் கூடைகளைக் கழுவி, சாக்கு விரித்து, நடுவில் அட்டை தடுத்துக் கூடைக்கு இரண்டாக வைத்து, மேலே வலையைப் போர்த்தினார்கள். நிலையத்திலிருந்து மேட்டுச் சாலை வரை படகு. அங்கிருந்து லாரி. பழவேற்காட்டிலிருந்து மறுபடியும் படகு. மழை விட்டிருந்தது. ஏரி முழுக்கச் செம்மண் நிறத் தண்ணீர். எங்கள் கரையில் நின்றவர்கள் படகைப் பார்த்தோம்; சின்னதம்பி எதையோ அள்ளிக்கொண்டு வருகிறார் என்று தெரிந்தது.

“இன்னா பாடு? இன்னா மீனு?” என்று எங்கள் ஊர் எல்லப்பன் கத்தினார்.

வலையின் ஓட்டைகள் வழியாக நாற்பத்தெட்டுக் காதுகள் நீட்டிக்கொண்டு நின்றன.

எங்கள் ஊர் அந்த மாதிரி சிரித்து நான் பார்த்ததில்லை. புயலில் இரண்டு கூரை போய், ஒரு படகு உடைந்து, எல்லோரும் முகம் தொங்கிக் கிடந்த நேரம் அது. முயல்களைச் சமுதாயக்கூடத்தில் இறக்கினோம். அது மேடான இடம், தண்ணீர் படியைக்கூட எட்டவில்லை. பழைய வலைகளைத் தூணுக்குத் தூண் கட்டித் தடுப்பு போட்டுக் கொடுத்தார்கள். ஒரு தடுப்புக்குள் இரண்டு ஆண் முயலைச் சேர்த்து விடக் கூடாது, சண்டை போட்டுக் கிழித்துவிடும் என்று உலகநாதன் சொன்னதும், அறை பிரிக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் தங்கள் வீட்டில் அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரித்த அனுபவத்தோடு இறங்கிவிட்டார்கள்.

பிரின்சியும் கூடவே வந்திருந்தார். அவர் வீட்டிலும் தண்ணீர். அப்பாவும் அம்மாவும் பொன்னேரியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். கீதா அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்குள் அழைத்துப் போனாள்.

“நீதான் டாக்டரம்மாவா? நான் இன்னாவோ பெரிய ஆளுன்னு நெனைச்சேன். இத்தினி சின்னப் பொண்ணு!”

உலர்ந்த புடவை கொடுத்து, சுடச்சுட மடவை மீன் குழம்பு ஊற்றினாள். பிரின்சி மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். அப்புறம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

அடுத்த சில நாள் எங்கள் ஊர் முயல்களுக்காகவே எழுந்தது. கடலுக்குப் போக முடியாத ஆண்கள் அருகம்புல் தேடிப் போனார்கள். மீன் விற்கும் கஸ்தூரியம்மாள், பழவேற்காட்டு மார்க்கெட்டில் முள்ளங்கித் தழையெல்லாம் கேட்டு வாங்கி மூட்டையாகக் கொண்டு வந்தார். முட்டைக்கோஸை அதிகம் போட்டால் வயிறு உப்பும் என்று உலகநாதன் மெதுவான குரலில் கூடத்து வாசலில் நின்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். யாராவது உரக்கப் பேசினால் கீதா, “ஷ்ஷ், அதுங்க பயப்படும்” என்று அவரைவிட உரக்க அதட்டினாள்.

பிரின்சிக்கு ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள் ஆகிவிட்டார்கள். கூடத்துப் படியில் உட்கார்ந்து, எந்தக் காய்ச்சலுக்கு உடனே ஓட வேண்டும், கழுத்தைக் குனிய முடியாமல் குழந்தை அழுதால் ஏன் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று பேசினார். சளிக்கும் இருமலுக்கும் கடையில் போய்க் கண்ட மாத்திரையை வாங்கிப் பாதியில் நிறுத்தினால் கிருமி எப்படிப் பழகிக்கொள்கிறது என்பதையும் சொன்னார். கடையில் அப்படி மாத்திரை வாங்குவதில் முதல் ஆளான எல்லப்பன் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார். நாலு பக்கமும் ஆட்கள்.

“நீ உக்காருய்யா,” என்றாள் கீதா.

தண்ணீர் வடிந்ததும் நிலையத்தின் தலைவரே ஊருக்கு வந்தார். முயல்களைப் பார்த்தார். எல்லாம் கொழுத்து, பளபளவென்று இருந்தன. மனிதர் சந்தோஷப்பட்டார், ஆனால் போகும்போது பிரின்சியைத் தனியாக அழைத்துப் பேசினார். பிரின்சி திரும்பி வந்து உலகநாதனிடம் சொன்னார்.

“அண்ணா, இதுங்களை இனிமே சோதனைக்கு எடுக்க முடியாது.”

“ஏன்? நல்லாத்தானே கீதுங்கோ?”

“நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா வெளிய வந்துடுச்சு. வேற வேற புல்லு, வேற வேற தண்ணி, ஆளுங்க, ஆடு, நாய். என்னென்ன ஒட்டியிருக்கோ தெரியாது. இதுங்கள்ல ஒண்ணு குணமானா மருந்தால ஆச்சா வேற எதனாலயாவது ஆச்சான்னு எப்படிச் சொல்றது? புதுசா வரவழைச்சு மறுபடியும் ஆரம்பிக்கணும்.”

“அப்போ இதுங்கோ?”

“நல்ல வீடா இருந்தா வளக்கக் குடுக்கலாமான்னு, விலங்குச் சோதனையை மேற்பாக்கிற குழுவுல கேக்கச் சொல்லியிருக்கேன். குடுத்துடுவாங்கன்னு நினைக்கிறேன்.”

உலகநாதன் கூடத்துக்குள் போனார். கொஞ்ச நேரம் கழித்து நாங்கள் எட்டிப் பார்த்தபோது ஒரு முயலை மடியில் வைத்துக்கொண்டு, தன் பழைய குரலில், தூண் அதிரும்படி சிரித்துக்கொண்டிருந்தார். முயல் துள்ளி ஓடியது.

குழு அனுமதித்தது. ஊரில் பெரிய போட்டி. சீட்டுக் குலுக்கிப் போட்டோம். வளர்த்துப் பெருக்கிப் பண்ணை வைக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்த எல்லப்பன், எல்லாம் ஆண் என்று அப்போதுதான் கேள்விப்பட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாளே வந்து, பரவாயில்லை, ஒன்று கொடுங்கள் என்று வாங்கிப் போனார். வெட்டிச் சாப்பிடுகிற வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கீதா சொல்லியிருந்தாள். அதனால் அந்தக் கவலையும் யாருக்கும் இல்லை. அவளே ஒன்றை எடுத்துக்கொண்டாள். நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்குள் சுற்றிவந்ததால் அதற்கு ‘மைனர்’ என்று பேர் வைத்தாள்.

நிலையத்தைக் கழுவி, மருந்தடித்து, கூண்டுகளை மேல்தளத்தில் கிருமி அறையிலிருந்து தடுத்துப் பிரித்த ஒரு தனி அறைக்கு மாற்றி, புது முயல்கள் வந்து பழகுவதற்குள் பங்குனி ஆகிவிட்டது. பெரிய சோதனை அப்போதுதான் நடந்தது.

முயல்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். எல்லாவற்றுக்கும் மயக்கம் கொடுத்து, மருந்துக்கு அசையாத அந்தக் கிருமியைச் செலுத்தினார்கள். காய்ச்சல் வந்த பிறகு ஒரு கூட்டத்துக்கு மருந்தில்லை, ஒரு கூட்டத்துக்குப் பழைய மருந்து மட்டும், ஒரு கூட்டத்துக்கு இரண்டும். வீக்கம் குறைக்கும் மருந்து எல்லாவற்றுக்கும். நேரம் நேரமாக முயலின் பிடரிக்குக் கீழே மெல்லிய ஊசியால் மூளைத் தண்ணீரில் சில சொட்டு எடுத்தார் பிரின்சி. உலகநாதனின் கைதான் ஒவ்வொரு தலையையும் அசையாமல் தாங்கியது. மருந்தில்லாத முயல்களில் ஒன்று நிமிர முடியாமல் சாய்ந்ததும் கூப்பிட்டார். பிரின்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உடனே வந்து முடித்தார்.

எடுத்த தண்ணீரைச் சிவப்புத் தட்டுகளில் தடவி, கதகதப்பான பெட்டிக்குள் வைத்தார்கள். கிருமி உயிரோடு இருந்தால் மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாக முளைத்துவிடும்.

மறுநாள் காலை உலகநாதன் தீனி வாளியோடு போய்க்கொண்டிருந்தபோது, பிரின்சி அறை வாசலில் நின்று கையாட்டினார்.

“அண்ணா, கையைக் கழுவிட்டு, கோட்டு, கையுறை எல்லாம் மாட்டிக்கிட்டு வாங்க. சீக்கிரம்.”

மேசைமேல் மூன்று வரிசையாகத் தட்டுகள். முதல் வரிசையில் எள்ளைவிடச் சின்னப் புள்ளிகள், எண்ண முடியாதபடி. சுற்றிலும் பாசி மாதிரி பச்சை. இரண்டாவது வரிசையில் குறைவு, ஆனாலும் இருந்தன. பிரின்சி மூன்றாவது வரிசையில் ஒன்றை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். உலகநாதன் குனிந்து பார்த்தார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

“இதுல ஒண்ணுமே இல்லியே டாக்டரம்மா.”

“அதான் அண்ணா!” பிரின்சி அடுத்த தட்டைக் கையில் எடுத்தார். “ஒண்ணுமே இல்ல! அடுத்ததைப் பாருங்க. அதுலயும் இல்ல. வழி மூடியிருந்தும் உள்ள போயிருக்கு. எல்லாத்தையும் அடிச்சிருக்கு!”

ஒவ்வொரு தட்டாக, வரிசை முடியும் வரை இரண்டு பேரும் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம். உலகநாதன் சந்தோஷத்தில் கடைசித் தட்டை இன்னொரு தரம் தூக்கிப் பார்த்தார். “எங்க வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லட்டுமா?” என்று கேட்டார்.

கீதா மார்க்கெட்டில் நண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்து, “சரி… சரி… ஒண்ணுகூட இல்லியா?” என்று கேட்டாள். பிறகு போனை வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த கஸ்தூரியம்மாளின் தோளில் முகத்தை வைத்து அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். “எங்க அர்ச்சனாவுக்கு வந்ததே, அதுக்கு மருந்து” என்றாள்.

குணமான அந்த முயல்களும் பிழைத்திருக்கவில்லை. மூளைக்குள் வேறு சேதம் இல்லையே என்று பார்த்தால்தான் சோதனை முழுமையாகும். உலகநாதன் அதை அறிந்தேதான் இருந்தார். எப்போதும்போல ஒவ்வொன்றையும் தானே தூக்கி, தூங்கும் வரை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அன்று வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து சாப்பிட்டார்.

மருந்து நோயாளிகளின் கைக்கு வர இன்னும் பல வருஷம் ஆகும் என்று பிரின்சி சொல்லிவிட்டார். வேறு இடங்களிலும் செய்து பார்க்க வேண்டும், அப்புறம் மனிதர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. இடையில் எங்காவது தோற்கவும் தோற்கலாம். “தோத்தா இன்னொண்ணு பாக்கலாம்,” என்றார் உலகநாதன். “நான் எங்கயும் போகல.”

சித்திரை முதல் ஞாயிற்றுக்கிழமை நிலையத்துக்காரர்கள் எல்லோரையும் கீதா ஊருக்கு அழைத்தாள். சின்னதம்பி படகில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டினார். தலைவர் பாதி வழியிலேயே முகம் வெளுத்துப் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிரின்சி வலை போட்டே தீருவேன் என்று அடம்பிடித்தார். போட்டார், இழுத்தார், வலையில் ஒரே ஒரு நண்டு. அதை எடுக்கப் போனபோது, அது அவர் துப்பட்டாவைக் கவ்விக்கொண்டு விட மறுத்தது.

“பின்னாடி பிடி! பின்னாடி!” என்று படகிலிருந்த எல்லோரும் கத்தினார்கள்.

“எங்க பின்னாடி?” என்று அவர் குதித்தார்.

உலகநாதன் சிரித்துச் சிரித்து உதவவே முடியாமல் கிடந்தார். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது. கரையில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு நின்ற கீதா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு நண்டை வைத்துக்கொண்டு இத்தனை பேருக்கு எப்படிக் குழம்பு வைப்பதென்று ஊர் கேட்கக் கேட்டுக்கொண்டிருந்தாள்.